யாரும் சாகாத ஞாயிறு

“இந்தத் தடவ யார சாவடிக்கப் போற?” என்று பூங்காவனம் கேட்டாள். வாயில் வேர்க்கடலை. பூங்காவின் சுற்றுச்சுவரில் சாய்ந்து, காலை நீட்டி, சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு வெயிலில் உட்கார்ந்திருந்தோம். ஜனவரியில் தில்லிச் சூரியன் உச்சிக்குக் கொஞ்சம் முன்னால்தான் மூட்டத்தை விலக்கிக்கொண்டு முகம் காட்டும். மயூர் விஹாரில் வீட்டுவேலை செய்கிற நாங்கள், ஒரு வீட்டை முடித்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போகும் முன்னால் அந்தச் சுவரோரம் கொஞ்ச நேரம் உட்காருவோம். பாத்திரம் தேய்த்த விரல்கள் மரத்துப் போயிருக்கும். வெயில் பட்டபிறகுதான் அவை நம்முடையவை என்று தெரியவரும்.

“மாமியார ரெண்டு வாட்டி எடுத்தாச்சி,” என்றேன்.

“ஒரு வாட்டி இங்க, ஒரு வாட்டி பட்பர்கஞ்ச்ல. வேற வேற வூடு, பரவால்ல. கள்ளக்குறிச்சில உனக்கு ஒரு சித்தப்பா இருந்தாரே?”

“போன மழைக்குப் போயிட்டாரு.”

“நெசமாவா?”

“நெசமாத்தான். அன்னிக்குத்தான் ஒருத்தரும் நம்பல.”

பூங்காவனம் சிரித்ததில் கடலை புரையேறிவிட்டது. முதுகில் தட்டிக்கொடுத்தேன்.

வேலைக்குச் சேரும்போது மாதத்துக்கு இரண்டு நாள் லீவு என்றுதான் எல்லா வீட்டிலும் பேச்சு. தில்லியில் அதற்கு ச்சுட்டி என்று பெயர். பேச்சு பேச்சோடு சரி. அந்த இரண்டு நாளை ஒவ்வொரு தடவையும் புதிதாகக் கேட்டு வாங்க வேண்டும். கேட்டால் ஏன் என்பார்கள். தலைவலி என்றால் மாத்திரை தருவார்கள். விசேஷம் என்றால் முடித்துவிட்டு சாயந்தரம் வா என்பார்கள். சாவு ஒன்றுக்குத்தான் யாரும் மறுபேச்சு பேசமாட்டார்கள். அதனால் எங்கள் ஜனத்தில் ஊரில் இருக்கிற அத்தைகளும் மாமன்களும், தாங்கள் அறியாமலே, தில்லியில் பலமுறை செத்திருக்கிறார்கள்.

இப்போது அதிலும் பயம் வந்துவிட்டது. போன மாதம் பெரியம்மா சாவு என்று சொல்லிவிட்டு பூங்காவனம் திரிலோக்புரி சந்தையில் வளையல் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தபோது, அந்த வீட்டுக்காரம்மாவே எதிரில் நின்றாள். மறுநாள் அந்த வீடு போயிற்று. முன்பென்றால் வேறு ஆள் கிடைக்கும்வரை நம்மைப் பொறுத்துக்கொள்வார்கள். இப்போது போனில் ஒரு பொத்தானை அமுக்கினால், டீ ஆறுவதற்குள் கம்பெனிச் சட்டை போட்ட ஒரு பெண் வந்து பெருக்கிவிட்டுப் போய்விடுகிறாள். அவளையும் லிஃப்டில் பார்த்திருக்கிறேன். கையிலிருக்கிற போனில் நேரம் ஓடிக்கொண்டே இருக்கும். அதைப் பார்த்தபடிதான் நிற்பாள். எனக்கு அவள்மேல் கோபம் வரவில்லை. அவள் யாரிடம் போய்ப் பெரியம்மா செத்துவிட்டாள் என்று சொல்வாள், போனிடமா என்றுதான் தோன்றியது.

எனக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை வேண்டும். எதற்கு என்று கேட்டால் சொல்ல ஒன்றுமில்லை. என் மகள் கவிப்ரியா நொய்டாவில் ஒரு கடையில் பில் போடுகிறாள். அவளுக்கு ஞாயிறு லீவு. அன்று காலையில் நான் கிளம்பும்போது, ஒரு காலை ரஜாய்ப் போர்வைக்கு வெளியே நீட்டிக்கொண்டு, வாய் லேசாகத் திறந்திருக்க, அப்படித் தூங்குவாள். யாருக்கும் பதில் சொல்ல வேண்டாத தூக்கம். கதவைச் சாத்துவதற்கு முன்னால் தினம் பார்க்காத எதையோ பார்ப்பதுபோல் கொஞ்சம் நின்று பார்த்துவிட்டுப் போவேன். அந்த மாதிரி ஒருநாள் எனக்கும் வேண்டும். அவ்வளவுதான். ஆனால் அதை யாரிடமாவது சொல்லப் போனால் எனக்கே கூச்சமாக இருந்தது. திருடப் போகிறவள் மாதிரி.

எனக்கு மூன்று வீடு. அதில் இரண்டு வீட்டுக்குப் பூங்காவனம் பத்லி போகிறேன் என்றாள். ஒருத்திக்குப் பதில் இன்னொருத்தி போய் வேலையை முடித்துக் கொடுப்பது எங்களுக்குள் உள்ள வழக்கம்தான். மூன்றாவதான ஸ்ம்ருதி வீட்டில் அது நடக்காது. அங்கே சமையலும் நான்தான். என் கை ருசிக்குப் பழகிவிட்டார்கள்.

செய்தி அனுப்பிவிடலாமா என்றுகூட யோசித்தேன். கவிப்ரியா சொல்லிக்கொடுத்து, நாற்பது வயதுக்கு மேல்தான் எனக்கு எழுத்துக் கூட்ட வந்தது. மெதுவாகத்தான் வரும், ஆனால் வந்துவிடும். ஸ்ம்ருதிக்குத் தமிழ் பேச மட்டும்தான் தெரியும், படிக்கத் தெரியாது. அதனால் நேரில் போய்த்தான் சொல்லியாக வேண்டும். திருக்கோவிலூர் அத்தை ஒருத்தி பாக்கி இருந்தாள். அவளை மனசுக்குள் தயார் செய்துகொண்டு மாடி ஏறினேன்.

ஸ்ம்ருதி கூடத்தில் லேப்டாப்புக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள். காலையில் நான் வைத்துவிட்டுப் போன உப்புமா அப்படியே காய்ந்து கிடந்தது. அவளுக்கு முப்பது வயது இருக்கும். கண்ணுக்குக் கீழே பார்த்தால் என் வயது. பெங்களூரில் இருக்கிற மகாதேவன் சார்தான் அவளுக்கு மேலதிகாரி. பாதித் தமிழும் பாதி இங்கிலீஷுமாக அவரோடு பேசுவாள். நான் துணியை நனைத்துப் பிழிந்து, வழக்கம்போல அவள் மேஜைக்கு மேலே சந்தனமாலை போட்டிருந்த அவளுடைய தாத்தா படத்தின் கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்தேன்.

“இல்ல சார், தாத்தாதான். ஐசியூல வச்சிருக்காங்க,” என்றாள் ஸ்ம்ருதி போனில். “எய்ட்டி ஃபோர் சார். ஃப்ரைடே ஒருநாள் மட்டும்.”

என் கை தாத்தாவின் மூக்குக்கண்ணாடிமேல் நின்றுவிட்டது. ஸ்ம்ருதி நிமிர்ந்து பார்த்தாள். நான் துணியை, அவள் என்னை, மேலே தாத்தா எங்கள் இரண்டு பேரையும். போனை வைத்ததும் அவள் இரண்டு கையாலும் முகத்தைத் தேய்த்துக்கொண்டாள்.

“என்ன பண்றது அக்கா. மூணு வாரமா சனி ஞாயிறுகூட வேலை. சும்மா ஒருநாள் லீவுன்னா குடுக்க மாட்டார்.”

உட்கார்ந்து செய்கிற வேலைக்கும் லீவு கேட்கப் பிணம் வேண்டியிருக்கிறதா என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது. ஹீட்டர், நாற்காலி, இங்கிலீஷ் எல்லாம் இருந்தும். திருக்கோவிலூர் அத்தை தொண்டைவரை வந்து நின்றாள். அங்கேயே திரும்பிப் போய்விட்டாள்.

“வர்ற ஞாயித்துக்கிழம நான் வரமாட்டன்மா.”

“ஐயோ, யாருக்கு என்னாச்சு?”

“யாருக்கும் ஒண்ணும் ஆவல. வூட்ல படுத்துக்கப் போறன்.”

“உடம்பு சரியில்லையா?”

“உடம்பு நல்லாத்தான் இருக்குது. நல்லா இருக்கும்போதே ஒருநாள் படுக்கலாம்னு பாக்குறன். நோவு வந்து படுக்கறது படுக்கையாம்மா?”

சாவு என்றிருந்தால் அவளுக்கும் சுலபமாக இருந்திருக்கும். ஐயோ பாவம் என்று சொல்லிவிட்டு வேலையைப் பார்த்திருப்பாள்.

“சண்டே ப்ரணவோட அப்பா அம்மா துவாரகாலேருந்து சாப்பிட வரா, அக்கா. மண்டே எடுத்துக்கோங்களேன்,” என்றாள். ப்ரணவ் அவள் புருஷன்.

“திங்கக்கிழம மத்த ரெண்டு வூட்டுலயும் துணி போடுவாங்கம்மா. ஞாயித்துக்கிழமதான் தோது. சேரும்போது ரெண்டு நாள்னுதான் சொன்னீங்க.”

கடைசி வார்த்தையை ஏன் சொன்னேன் என்று இருந்தது. அவள் போனை எடுத்துப் பார்த்தாள். “ஆப்ல ஆள் கிடைப்பா. நான் பாத்துக்கறேன்,” என்றாள். மிரட்டலாகச் சொல்லவில்லை, தனக்குத்தானே சொல்லிக்கொண்ட மாதிரி இருந்தது. மிரட்டியிருந்தால் பதிலாவது பேசியிருக்கலாம். ஒருநாள் வருகிறவள் நன்றாகச் செய்துவிட்டால் மறுநாளும் அவளையே கூப்பிடுவதற்கு எவ்வளவு நேரம் ஆகும். அடுப்படிக்குப் போய் வெந்தயக்கீரையை ஆய உட்கார்ந்தேன். தண்டோடு சேர்த்து இலையையும் குப்பையில் போட்டுக்கொண்டிருந்தேன் என்பதைக் கொஞ்சம் கழித்துத்தான் கவனித்தேன்.

பூங்காவனம் கேட்டுவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டாள். “ஒரு பொய் சொன்னா உன் வாயி தேஞ்சா பூடும்? பெரிய கலெக்டரு. படுத்துக்கப் போறாளாம்.”

“கேட்டாச்சி. வுடு.”

“வூடு போனா தெரியும்,” என்றாள். கொஞ்சம் பொறுத்து, “அந்த ரெண்டு வூட்டுச் சாவியக் குடு,” என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை இருட்டோடேயே விழிப்பு வந்துவிட்டது. உடம்புக்கு யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது. எழுந்து டீ போட்டுக் குடித்துவிட்டு மறுபடி படுத்தேன். புரண்டு படுத்த கவிப்ரியா என்னைப் பார்த்துப் பயந்துபோய் எழுந்து உட்கார்ந்தாள்.

“போகலயாம்மா? யாரு செத்தாங்க?”

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “ஒருத்தரும் சாவல. படு.”

அவள் தன் ரஜாயில் பாதியை என்மேல் தள்ளிவிட்டுத் தூங்கிப்போனாள். எனக்குத் தூக்கம் வரவில்லை. துவாரகாவிலிருந்து வருகிறவர்கள் இந்நேரம் மெட்ரோ ஏறியிருப்பார்கள், சட்டை போட்ட பெண் இந்நேரம் அரிசி களைந்துகொண்டிருப்பாள், பெரிய குக்கரின் கைப்பிடி ஆடுமே, அதை அவளுக்கு யார் சொல்வார்கள் என்று மனது அந்த அடுப்படியிலேயே சுற்றிக்கொண்டிருந்தது. வெயில் வந்ததும் பாயைச் சுருட்டிக்கொண்டு மொட்டைமாடிக்குப் போய்விட்டேன். முகத்தில் முந்தானையைப் போட்டுக்கொண்டு கண்ணை மூடினேன். துணிக்குள் எல்லாம் சிவப்பாக இருந்தது. எப்போது தூங்கினேன் என்று தெரியாது.

போன் அடித்தது. ஸ்ம்ருதி. எடுக்கலாமா வேண்டாமா என்று யோசித்து, கடைசி மணியில் எடுத்தேன்.

“அக்கா, புளி எங்க வச்சிருக்கீங்க?”

“மேல் தட்டுல, கடலமாவு டப்பாவுக்குப் பின்னாடி.”

“அச்சா, கிடைச்சுது.” பின்னால் குக்கர் சீறியது. யாரோ எதையோ கீழே போட்டார்கள்.

“ஆளு வரலியாம்மா?”

“கூப்பிடல,” என்றாள். பிறகு குரலைத் தாழ்த்தி, “ப்ரணவ் பட்டாணி உரிச்சிண்டிருக்கான். அவன் அம்மா வாயத் திறக்காம பாத்துண்டே இருக்கா,” என்று சிரித்தாள். சிரிப்பு பாதியில் நின்றது. “தூங்கிண்டிருந்தீங்களா?”

இல்லை என்றுதான் வாயில் வந்தது. வேலை கொடுத்தவர்களிடம் அந்தக் கேள்விக்கு நான் வேறு பதில் சொன்னதே இல்லை.

“ஆமாம்மா. தூங்கிக்கினு இருந்தன்.”

“சாரி. தூங்குங்க. நாளைக்கு வாங்க, அந்த ரெண்டு நாள் விஷயம் பேசலாம்.”

என்ன பேசுவாள் என்று தெரியவில்லை. நல்லதாகவும் இருக்கலாம். பேசலாம் என்ற வார்த்தையை ஒரு வீட்டிலும் என்னிடம் சொன்னதில்லை. அதையே வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் மேலே பறந்த காற்றாடியைப் பார்த்துக்கொண்டு கிடந்தேன்.

தன் வேலையோடு என் இரண்டு வீட்டையும் முடித்துவிட்டு பூங்காவனம் படியேறி வந்தாள். புடவை முழங்கால்வரை நனைந்திருந்தது. ஒன்றும் கேட்காமல், “நகரு,” என்று சொல்லிப் பக்கத்தில் படுத்தாள். “இன்னா சொன்னா?”

“புளி எங்கன்னு கேட்டா. நாளைக்குப் பேசலாம்னா.”

அவள் வானத்தைப் பார்த்துக்கொண்டு அதை மென்றாள். “அடுத்த மாசம் ஒரு ஞாயிறு எனக்கு நீ பத்லி போவணும்,” என்றாள். பதிலுக்குக் காத்திராமல் கண்ணை மூடிக்கொண்டாள்.

தண்ணீர்த் தொட்டியின் நிழல் மெல்ல நகர்ந்து எங்கள் பாதத்தில் ஏறியது. யாரும் எழுந்திருக்கவில்லை. படுத்தபடியே குதிகாலை ஊன்றி, ஆளுக்கொரு பக்கமாகப் பாயைப் பிடித்து, வெயில் இருக்கிற பக்கம் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்தோம்.