இடது புருவம்

இறந்துபோன சௌந்திரத்தைக் குளிப்பாட்டித் தலையைத் துவட்டி முடித்த கந்தம்மாள், முகத்துக்கு மஞ்சள் பூசிப் பொட்டு வைக்கும் வேலையை அமுதவல்லியிடம் விட்டாள். பார்லர் வைத்திருக்கிற தங்கச்சி இருக்கும்போது பக்கத்து வீட்டுக்காரி எதற்கு என்றாள். நின்ற பெண்கள் விலகி வழி விட்டார்கள்.

அமுதவல்லி குத்தவைத்து உட்கார்ந்தாள். விடியற்காலையில் சேலம் ஆஸ்பத்திரியிலிருந்து உடல் வந்ததிலிருந்து அக்காவின் முகத்தை அவள் நேராகப் பார்க்கவில்லை. இப்போது பார்த்தாள். இடது புருவம் வலதைவிட மேலே இருந்தது.

அது அவள் செய்தது.

நேற்று மூன்று மணிக்கு சௌந்திரம் எருமப்பட்டி பார்லருக்கு வந்தாள். கொழுந்தனார் மகளுக்கு மறுநாள் வளைகாப்பு. மூன்று பேர் காத்திருந்தார்கள். அக்கா என்பதால் அவளை முதலில் உட்கார வைத்தாள். புருவம் எடுப்பதற்கு முன் அமுதவல்லி எல்லோருக்கும் ஒன்று செய்வாள். கண்ணாடிக்கு நேராக நிமிர்ந்து உட்காரச் சொல்லி, முகத்தைத் தளர விடச் சொல்லி, நூலை இரண்டு கையிலும் இழுத்துப் பிடித்துப் புருவங்களுக்குக் குறுக்கே வைப்பாள். எது மேலே, எது கீழே என்று பார்த்த பிறகுதான் முதல் முடியைப் பிடுங்குவாள். பதினோரு வருஷமாக அக்காவுக்கு அப்படி வைத்துப் பார்த்திருக்கிறாள். இரண்டும் எப்போதும் சமம். நேற்று இடது பக்கம் இறங்கியிருந்தது.

புருவத்தைத் தூக்கச் சொன்னாள். வலது ஏறியது. இடது அசையவில்லை.

"சோறு உண்டதுல இருந்து ஒரு பக்கம் மரத்தாப்பல இருக்குது அமுதா," என்றாள் சௌந்திரம். பேச்சு கொஞ்சம் குழறியது. கொடுத்த டீ கடைவாயில் வழிந்தது.

"கைக்கொழந்தையாட்டம் ஒழுக்கறயே, கழுத்துல துணி கட்டி உடட்டுமாக்கா?"

காத்திருந்தவர்கள் சிரித்தார்கள். சௌந்திரமும் பாதி வாயால் சிரித்தாள்.

அமுதவல்லி சரிசெய்ய ஆரம்பித்தாள். இடது புருவத்தின் அடியில் இரண்டு வரிசை எடுத்தாள். வலதின் மேல்புறம் ஒரு வரிசை. மறுபடி நூலை வைத்தபோது சமமாக வந்தது. அதில் அவளுக்குத் திருப்திகூட இருந்தது. அடுத்த ஆளைக் கூப்பிட்டாள்.

வீட்டுக்குப் போன சௌந்திரம் படுத்துக்கொண்டாள். மகள் இலக்கியா ஜவுளிக்கடை வேலை முடிந்து ஏழு மணிக்கு வந்து எழுப்பியபோது எழவில்லை. பக்கவாதம், சீக்கிரம் கொண்டுவந்திருந்தால் ஊசி போட்டுப் பார்த்திருக்கலாம் என்றார் சேலம் டாக்டர். முகம் கோணியதை யாருமே கவனிக்கவில்லையா என்றும் கேட்டாராம்.

உயிர் போன முகத்தில் இப்போது கோணல் இல்லை. இரண்டு பக்கமும் ஒரே மாதிரி தளர்ந்து கிடந்தன. முடி பிடுங்கிய இடங்கள் மட்டும் அப்படியே இருந்தன.

கந்தம்மாள் குனிந்து பார்த்தாள். "ஏம்புள்ள, ஒண்ணு ஏத்தமாவும் ஒண்ணு எறக்கமாவும் இருக்குது? ஊருக்கெல்லாம் அழகு பண்ணி உடறே, கூடப் பொறந்தவளுக்கு இப்பிடித்தான் பண்ணுவியா?"

யாரோ கந்தம்மாளை அதட்டினார்கள். குங்குமச் சிமிழோடு எதிரில் உட்கார்ந்திருந்த இலக்கியாவும் புருவத்தைப் பார்த்தாள். பிறகு சித்தியைப் பார்த்தாள்.

"நேத்து அம்மாவ நீங்கதான பாத்தீங்க சித்தி. அப்ப மூஞ்சி எப்பிடி இருந்துச்சுங்க?"

சொல்லியிருக்கலாம். ஒரு வாக்கியம்தான்.

"நல்லாத்தான் இருந்துச்சு சாமி. சிரிச்சுப் பேசிட்டுத்தான் போச்சு."

இலக்கியா தலையாட்டினாள். கொஞ்ச நேரம் சிமிழின் மூடியைத் திருகிக்கொண்டிருந்தாள்.

"அப்ப ஊட்டுக்கு வந்து படுத்த பொறவுதான் வந்திருக்குது. நான் அஞ்சரை பஸ்ஸ உட்டுப்போட்டு நின்னு பேசிட்டிருந்தனுங்க சித்தி. அதுல வந்திருந்தா பாத்திருப்பேன்."

அப்படியெல்லாம் நினைக்கக் கூடாது என்று அமுதவல்லி சொன்னாள். தன் குரல் சாதாரணமாக இருந்தது அவளுக்கே அசிங்கமாக இருந்தது. பைக்குள் கையை விட்டுப் புருவப் பென்சிலை எடுத்தாள்.

இலக்கியா கேட்காமலே தாயின் தலையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். அமுதவல்லி இடது புருவத்தின் அடியில் முடி முடியாக வரைந்தாள். வலதுக்கு மேலேயும் வரைந்தாள். முகம் குளிர்ந்திருந்ததால் மை சரியாகப் பிடிக்கவில்லை. அழுத்தி அழுத்தி வரைய வேண்டியிருந்தது. கந்தம்மாள் தள்ளி நின்று பார்த்து, இப்போது சரி என்றாள்.

உடலைப் பந்தலுக்குக் கொண்டுபோய் ஐஸ் பெட்டியில் வைத்தார்கள். மேச்சேரியிலிருந்து ஒரு வேன் நிறையச் சொந்தக்காரர்கள் வந்து இறங்கினார்கள். எப்படி, என்ன ஆச்சு என்று கேட்ட பெண்களின் கையைப் பிடித்துக்கொண்டு இலக்கியா சொன்னாள்.

"மூணு மணிக்கு நல்லாத்தான் இருந்துச்சுங்க. சித்தி பாத்திருக்குது. நாந்தானுங்க நேரத்துக்கு வல்லே."

அவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பெட்டியின் தலைமாட்டில் நின்றிருந்த அமுதவல்லி ஆமாம் என்று தலையசைத்தாள். அடுத்து அம்மாபேட்டைக்காரர்கள் வந்தார்கள். அதையே இலக்கியா மறுபடி சொன்னாள். அமுதவல்லி மறுபடி தலையசைத்தாள்.

மூன்றாவது கூட்டம் பந்தலுக்குள் நுழைந்தபோது, இலக்கியா வாயைத் திறப்பதற்கு முன்பே அவள் தலை அசைந்தது.