வலது பக்கத் தாடை

நாற்பத்தொன்றாம் எண் மெழுகு பிளாக்குக்குள் என் அம்மாவின் தாடைச் சதை இருந்தது. கொத்துமல்லி விதை அளவுதான். அதன் மேலேயே ஒட்டியபடி கொஞ்சம் தோல்.

புதுச்சேரிப் பக்கம் ஒரு மருத்துவக் கல்லூரியில் பதினோரு வருடமாக எனக்கு இதுதான் வேலை. டாக்டர் தட்சணாமூர்த்தி தாடைத் தசையையும் அதன் மேல் தோலையும் ஆராய்கிறார். அவர் எடுத்துத் தரும் துண்டுகளை நான் மெழுகில் பதித்து, வெங்காயத் தோலைவிட மெல்லிசாகச் சீவி, சாயம் ஏற்றி ஸ்லைடாக்குவேன். நாற்பது பேர் தாடையைச் சீவியாகிவிட்டது. அவர்கள் யார் என்று ஒரு நாளும் நான் கேட்டதில்லை.

அம்மா பெயர் சாமுண்டீஸ்வரி. மரக்காணம் உப்பளத்தில் இருபத்தெட்டு வருடம் கூடை சுமந்தவள். முட்டி தேய்ந்து, ஆறு வருடமாக வீட்டோடு இருக்கிறாள். பொங்கலுக்குப் போனபோதுதான் கவனித்தேன், வலது தாடை வீங்கியிருந்தது. தோலும் தடித்துக் கறுத்திருந்தது. வலியே இல்லை என்றாள். வலி இல்லாத வீக்கம் என்றால்தான் எனக்குப் பயம். லேபில் வேலை செய்பவளின் அரைகுறை வைத்தியம் இருக்கிறதே, அது தூங்க விடாது.

எங்கள் கல்லூரிக்கே அவளை அழைத்துவந்தேன். டாக்டர் அவளிடம் எல்லாம் விசாரித்தார். "வெத்தல, பொகையில?"

"அந்தப் பழக்கம்லாம் இல்லீங்க."

"தூக்கத்துல பல்லக் கடிப்பீங்களா?"

"தூங்கறப்ப எனக்கு எப்டிங்க தெரியும்?"

ஸ்கேனில் சந்தேகம் தீரவில்லை. ஒரு துண்டு எடுத்துப் பார்த்துவிடலாம் என்றார். ஆராய்ச்சிக்கும் வைத்துக்கொள்ளலாமா என்று அவர் கேட்க, அம்மா கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள். மூன்று தையல்.

"உங்க அம்மாவுதும்மா இது. வேற யாராவது கட் பண்ணட்டும்," என்றார் டாக்டர்.

"நாப்பது பேருக்கு நான்தான் சார் பண்ணேன். இதையும் நானே பண்றேன்."

வீறாப்பாகச் சொல்லிவிட்டேனே ஒழிய, முதல் இரண்டு சீவலும் கிழிந்துபோயின. மூன்றாவதுதான் தேறியது. அதைச் சாயத்தில் விட்டுவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்தேன். எதை நினைக்கக் கூடாது என்று இருந்தேனோ, அந்த உப்பளமே கண்ணில் வந்து நின்றது.

பள்ளிக்கூடம் லீவு விட்டால் அம்மா பின்னாலேயே போய்விடுவேன். உப்பு பூத்த வரப்பில் வெறுங்காலோடு நடந்தால் நறநறவென்று இருக்கும். கடல் காற்று ஆளையே தள்ளும். பத்துப் பெண்கள் வரிசையாகக் கூடையோடு போவார்கள். தலையில் சுமை இருக்கும்வரை ஒருத்தியும் வாய் திறக்க மாட்டாள். கொட்டிவிட்டுத் திரும்பும்போது பத்துப் பேரும் ஒரே நேரத்தில் பேசுவார்கள். அந்தச் சத்தத்துக்கு இப்போதும் ஏங்குகிறேன். எந்தக் கல்யாண வீட்டிலும் அப்படி ஒரு சிரிப்பை நான் கேட்டதில்லை.

ஒன்பது வயதில் அந்த வரப்பில் வைத்து ஒன்று கேட்டேன். "நானும் பெரியவளானா கூடை தூக்கணுமாம்மா?"

அம்மா பதில் சொல்லவில்லை. சுமையைக் கொட்டிவிட்டுத் திரும்பும்போதும் சொல்லவில்லை. "போயி தண்ணி குடி," என்றாள். அந்தக் கோபம் எனக்கு இன்னும் தீரவில்லை.

சாயந்திரம் டாக்டர் மைக்ராஸ்கோப்பில் வெகுநேரம் பார்த்தார். நான் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"கேன்சர் இல்லம்மா. வெறும் சதைதான். ஒவ்வொரு நாரும் ரெண்டு மடங்கு தடிமனா இருக்கு. மேல தோலும் வெயில்ல தடிச்சிருக்கு, அவ்ளோதான். இந்தப் பக்கம் மட்டும் வருஷக்கணக்கா எதையாவது கடிச்சிக்கிட்டே இருந்தாங்களா?"

எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. தலைத்துணி! இரண்டு கையும் கூடையில் இருக்கும். காற்று துணியைப் பிடுங்கிக்கொண்டு போகாமல் இருக்க, அதன் நுனியை வலது கடைவாயில் இறுக்கிக்கொண்டுதான் எல்லோரும் நடப்பார்கள். வேலையை விட்ட பிறகும் அம்மாவுக்கு அது போகவில்லை. டிவி பார்க்கும்போதுகூட முந்தானை நுனி அந்தப் பக்கத்துப் பல்லில்தான் இருக்கும். டாக்டர் அத்தனை கேள்வி கேட்டும் அவளுக்கு அதைச் சொல்லத் தோன்றவில்லை. தினமும் பார்த்து வளர்ந்த எனக்கும் தோன்றவில்லை. மூச்சு விடுகிறேன் என்று யாராவது டாக்டரிடம் சொல்வார்களா? மூன்று வாரம் செத்துப் பிழைத்தேன்.

அடுத்த பஸ்ஸிலேயே மரக்காணம் போனேன். அம்மா டிவி முன்னால் இருந்தாள். முந்தானை வாயில்தான்.

"ஒண்ணும் இல்லம்மா. இந்தத் துணியக் கடிச்சுக் கடிச்சு வந்த சதையாம்."

"இதுக்குத்தான் மூணு தையலா?" என்று சிரித்தாள். நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். இத்தனை வருடம் கேட்காததைக் கேட்டேன்.

"சின்னதுல உன்ன ஒண்ணு கேட்டேன். நானும் கூடை தூக்கணுமான்னு. ஏம்மா நீ பதிலே சொல்லல?"

மறந்திருப்பாள் என்று நினைத்தேன். மறக்கவில்லை.

"என்னாடி சொல்றது? இல்லன்னு சொல்லிட்டு, அப்பறம் உன்னத் தூக்க வெச்சிருந்தா? அப்ப வூட்டு நெலம அப்டி. அதான் துணியக் கடிச்சிக்கினு போயிட்டேன்."

அவளுடைய தையல் போட்ட கன்னத்தைத் தொட்டுப் பார்த்தேன்.

"இப்ப சொல்லும்மா."

அம்மா முந்தானையை வாயிலிருந்து எடுத்து மடியில் போட்டாள்.

"இல்லடி," என்றாள். "நீ தூக்க வேணாம்."