கலைக்காமல் விட்ட கூடு

புறப்படும் முன் விமானத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டு வந்து துணை விமானி ஆரிஃபா ஒரு சேதி சொன்னாள். கேப்டனான நான் சிரித்துக்கொண்டே பதில் சொன்னேன். அன்று எனக்குத் தெளிவாக நினைவிருப்பது அது ஒன்றுதான். மற்றதெல்லாம் குழப்பம்.

"சார், முன்பக்கம் ஒரு குளவி சுத்திக்கிட்டே இருக்கு."

"கூடு கட்டுதா? கலைக்காதம்மா, வீட்ல பிள்ளைத்தாச்சி இருக்கா."

பிள்ளைத்தாச்சி இருக்கும் வீட்டில் குளவிக் கூட்டைக் கலைக்கக் கூடாது என்பார்கள். மகள் பவித்ராவுக்கு ஏழாம் மாதம். ஸ்ரீரங்கத்தில் எங்கள் வீட்டில்தான் இருக்கிறாள். தாத்தா ஆகப்போகிற குஷியில் அப்போதெல்லாம் எல்லோரிடமும் எதையாவது உளறிக்கொண்டிருந்தேன். திருச்சி பாலக்கரைப் பெண்ணான ஆரிஃபா மரியாதையாகத் தலையாட்டிவிட்டு உட்கார்ந்தாள். ஷார்ஜா போகிற ஜனங்கள் ஊறுகாய் டப்பாவும் கண்ணீருமாக ஏறி முடித்தார்கள்.

ஓடுபாதையில் என் வேகமானியும் அவளுடையதும் ஒரே எண்ணைத்தான் காட்டின. எழும்பித் திரும்பி, காவிரியைத் தாண்டும்போது ஆரம்பித்தது. என் பக்கத்தில் வேகம் ஏறிக்கொண்டே போனது. வேகம் அதிகம் என்று எச்சரிக்கை கடகடவென அலறியது. குறைப்பதற்காக விமானத்தின் மூக்கைத் தூக்கினேன். உடனே கையிலிருந்த கட்டுப்பாட்டுக் கோல் உதறத் தொடங்கியது. வேகம் போதாது, விழப்போகிறாய் என்று சொல்லும் உதறல் அது.

ஒரே விமானம் எப்படி அதிவேகமாகவும் போகும், வேகமில்லாமலும் போகும்? எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. யாரைத் திட்டுவதென்றுதான் தெரியவில்லை. திரையில் மஞ்சள் எழுத்துகள் வரிசையாக வந்தன. படித்தேன், மண்டையில் ஏறவில்லை. இத்தனை வருஷம் ஓட்டியவன், எந்த பஸ் எங்கே போகிறதென்று தெரியாதவன்போல் விழித்தேன். பயமாக இருந்தது.

"எதைத்தான் நம்பறது?" என்று கத்தினேன்.

"உங்களுத நம்பாதீங்க சார். என்னுதும் நடுவுல இருக்கற உபரி மீட்டரும் ஒண்ணாதான் காட்டுது. மூக்க இறக்குங்க!"

"எப்படிச் சொல்றே?"

"அந்தக் குளவி உங்க பக்கத்துக் குழாய்கிட்டதான் சுத்துச்சு சார்."

வெளிக்காற்றை வாங்கி வேகத்தைச் சொல்லும் விரல் தடிமன் குழாய் அது. ஓடுபாதையை விட்டு எழும்பிய பிறகு ஈரமண் நழுவி அதை அடைத்திருந்தால், மேலே ஏற ஏற என் வேகமானி கூட்டிச் சொல்வதெல்லாம் புளுகு.

"கலைக்கலையா?"

"நீங்கதானே வேணாம்னீங்க. அது உங்க வழக்கம்... மனசு நோகக் கூடாதுன்னு விட்டுட்டேன்."

வேடிக்கைக்குச் சொன்னதை இந்தப் பெண் என் நம்பிக்கை என்று எண்ணிக் காப்பாற்றியிருக்கிறாள். அவளைத் திட்டவும் முடியவில்லை.

"நீயே ஓட்டும்மா" என்று கையை எடுத்தேன்.

"எடுத்துக்கிட்டேன் சார்."

மூக்கை இறக்கி, இன்ஜினை வழக்கமான அளவில் வைத்தாள். உதறல் நின்றது. கடகட சத்தம் மட்டும் விடாமல் புளுகிக்கொண்டே வந்தது. செய்ய வேண்டியதைக் கையேட்டிலிருந்து ஒவ்வொன்றாக நான் வாசித்தேன், அவள் செய்தாள். திருச்சியிலேயே திரும்ப இறக்கினாள்.

இன்ஜினியர் ரஃபீக் குழாயைக் கழற்றி உள்ளேயிருந்து மண்ணைச் சுரண்டி எடுத்தார். "இன்னும் ஈரம்கூடக் காயல சார்" என்றார்.

அதற்குள் பவித்ராவின் போன்.

"ஏன்ப்பா திரும்பி வந்துட்டீங்க? மொட்டை மாடியிலேர்ந்து பாத்தேன்."

"குளவி கூடு கட்டிடுச்சும்மா."

"ஐயய்யோ, கலைச்சிடலையே?"

ஆரிஃபா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கலைச்சாச்சு" என்றேன். "உன் பிள்ளைக்குத் தாத்தா வேணும்ல."