கண்ணாடிப் பெட்டியில் இருந்த கத்திரி

எங்கள் நகை மாளிகைக்கு எழுபது வயது. அதைக் கொண்டாட அண்ணன் ஒரு வரலாற்றுப் புத்தகம் போடுகிறான். எழுதுகிற வேலையை என் தலையில் கட்டிவிட்டான். இருபது வருடமாகப் பட்டறையில் உட்கார்ந்து நகை செய்கிறவளுக்கு எழுத மட்டும் வராதா என்ன என்று அவன் கணக்கு. அட்டையில் தாத்தா செய்த முதல் மரகத ஆரம். உள்ளே தாத்தா, தாத்தா, இன்னும் கொஞ்சம் தாத்தா. அவருடைய தங்கைக்கு, அதாவது அப்பாவின் அத்தைக்கு, ஒரே ஒரு வரி: 'வீட்டு வேலைகளைக் கவனித்துக்கொண்டார்.' அப்பா சொல்லச் சொல்ல நான்தான் எழுதினேன். குடும்பத்தில் எல்லோருக்கும் அவர் இடதுகை அத்தை. அதற்கு மேல் யாருக்கும் ஒன்றும் தெரியாது.

நாலு மணிக்கு அச்சு. இரண்டு மணிக்கு, கடைசிப் படம் எடுக்க போட்டோக்காரர் வந்தார். ஷோரூம் நடுவில் கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு பழைய கத்திரி இருக்கிறது. 'நிறுவனர் முதல் ஆரத்தின் தங்க இலைகளை வெட்டியது இந்தக் கத்திரியால்தான்' என்று பக்கத்தில் பலகை. அதைக் கொண்டு யாராவது ஒரு தகட்டை வெட்டினால் படம் பிரமாதமாக வரும் என்றார்.

அண்ணன் கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டு வந்து நின்றான். செப்புத் தகடு வெட்டுப்படவில்லை, மடங்கியது.

"மொக்கையாயிடுச்சு," என்றான்.

"நேத்துதான் சாணை பிடிச்சேன். உனக்குக் கை வரலன்னு சொல்லு."

பிடுங்கி நானும் வெட்டினேன். மடங்கியது. ஊழியர்கள் முன்னால் என் மானம் கப்பலேறியது.

"அக்கா, உங்க தோள் வெளிச்சத்த மறைக்குது. இடது கைக்கு மாத்துங்க," என்றார் போட்டோக்காரர்.

மாற்றினேன். கத்திரி சரசரவென்று ஓடித் தகடு இரண்டாகி மேஜையில் விழுந்தது. இன்னொன்றை வெட்டினேன், அதுவும் விழுந்தது. திருப்பிப் பார்த்தால் இரண்டு அலகும் இடம் மாறிப் பொருத்தப்பட்டிருந்தன. இடதுகைக்காரர் சொல்லிச் செய்த கத்திரி அது. நேற்று சாணை பிடித்தபோதுகூட என் கண்ணில் படவில்லை. தாத்தாவின் கத்திரி என்ற பக்தியில் கண்ணை மூடிக்கொண்டிருந்திருக்கிறேன்.

"டேய், தாத்தா எந்தக் கை?"

"வலது கை. படத்துல பேனா பிடிச்சிருக்கார் பாரு," என்று சுவரைக் காட்டிய அண்ணன், காட்டிய கையை இறக்காமல் அப்படியே நின்றான்.

மாடிப்படியை இரண்டிரண்டாகத் தாண்டி அப்பாவின் அறைக்கு ஓடினேன்.

"அப்பா, அந்த ஆரத்தச் செஞ்சது தாத்தா இல்ல. உங்க அத்தை." கத்திரியை அவர் முன்னால் வைத்தேன். "நாலு மணிக்கு அச்சு. இப்ப மாத்தினாத்தான் உண்டு."

மறுப்பார், கத்துவார் என்று சண்டைக்குத் தயாராகத்தான் நின்றேன். அவர் கத்திரியைத் தொடக்கூட இல்லை.

"தெரியும்மா," என்றார். "எனக்கு அப்ப எட்டு வயசு. அத்தை இலை வெட்ட வெட்ட, நான்தான் எடுத்து அடுக்கினேன். பொம்பள செஞ்சதுன்னா யாரும் வாங்கமாட்டாங்கன்னு அப்பா என் வாய அடைச்சுட்டார். அவர் போனதும் சொல்லிடலாம்னுதான் இருந்தேன். அதுக்குள்ள நானே ஆயிரம் பேர்கிட்ட அந்தப் பொய்யச் சொல்லியாச்சு."

"என்னையும் எழுத வெச்சீங்களே."

"ஆமா."

எனக்குக் கோபத்தில் அழுகை வந்தது. அதோடு சேர்ந்து, இத்தனை வருடமாக நான் உட்காரும் பட்டறையில் எனக்கு முன்பே ஒரு பெண் உட்கார்ந்திருக்கிறாள் என்று ஒரு சந்தோஷமும் முட்டிக்கொண்டு வந்தது.

அண்ணன் மூச்சு வாங்கிக்கொண்டு கைப்பேசியோடு வந்தான். "அச்சகத்துக்காரர் லைன்ல இருக்கார்ப்பா. என்ன சொல்லட்டும்? ஒரு வரி சேத்துடலாமா?"

அப்பா கைப்பேசியை வாங்கிக்கொண்டார். அச்சை நிறுத்தச் சொன்னார். அந்தப் பக்கம், திருத்தம் பெரிதா சின்னதா என்று கேட்டிருக்க வேண்டும்.

"எங்க அப்பாவுக்கு விக்கத் தெரியும்," என்றார் நிதானமாக. "நகை செய்யத் தெரியாது. அவர் செஞ்சதுன்னு எங்கெல்லாம் போட்டிருக்கோ, அத்தன இடத்தையும் மாத்தணும்."