கழுவாத வெண்டைக்காய்

ரிட்டயரான பிறகு அனந்தகிருஷ்ணனைப் பிடித்த பைத்தியம் மாடித்தோட்டம். இரும்புலியூரில் அவர் வீட்டு மாடியில் வெண்டையும் கத்தரியும் பூச்சிமருந்து ஒரு சொட்டும் படாமல் காய்க்கிறது என்பதைச் சொல்லாமல் அவர் யாரையும் விடமாட்டார். வேப்பெண்ணெய், சோப்புத் தண்ணீர், இஞ்சி பூண்டுக் கரைசல் என்று ஊருக்கெல்லாம் வகுப்பு எடுப்பார். தாம்பரத்து மாடித்தோட்ட வாட்ஸ்அப் குழுவில் மனிதர் குட்டி ராஜா.

அவருடைய வேப்பெண்ணெய்க்கு அசுவினிப் பூச்சி அசைந்துகூடக் கொடுக்கவில்லை என்பது மனைவி பட்டுவுக்கு மட்டும்தான் தெரியும். முதல் வருடம் செடியெல்லாம் அது கறுப்பாக அப்பிக்கொண்டபோது மனுஷர் சரியாகச் சாப்பிடக்கூட இல்லை. அவளுக்கு மனசு கேட்கவில்லை. மார்க்கெட்டில் ஒரு பாட்டில் மருந்து வாங்கி வந்து, அவர் வாக்கிங் போன நேரத்தில் அடித்தாள். பூச்சி போயிற்று. அவர் முகத்தில் வந்த சிரிப்பைப் பார்த்த பிறகு எப்படி நிறுத்துவது? மருந்தடித்தால் பத்து நாளைக்கு, "இன்னும் பிஞ்சுன்னா, விடுங்கோ" என்று பறிக்க விடமாட்டாள். பறித்ததையும் உப்புத் தண்ணீரில் ஊறவைத்துத்தான் சமைப்பாள். கெட்டிக்காரிதான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை குழுவே தோட்டம் பார்க்க வருவதாக இருந்தது. பார்த்தால் வெண்டையில் மறுபடி அசுவினி. வருகிறவர்கள் இவரைப் பார்த்துச் சிரிப்பார்களே என்று அவளுக்குப் பயம். அவர் வாக்கிங் போனதும், மூடியால் அளக்காமல் தாராளமாக ஊற்றிக் கலந்து அடித்தாள்.

எல்லாரும் வந்தபின் காபித் தட்டோடு அவள் மாடியேறினால், அனந்தகிருஷ்ணன் செடியிலிருந்தே வெண்டைக்காயைப் பறித்துக் கடித்துக்கொண்டிருக்கிறார். சுற்றி நின்றவர்கள் வீடியோ எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

"கழுவிட்டுச் சாப்பிடுங்கோ," என்றாள்.

"கழுவறதா? மருந்தடிச்ச காயைன்னா கழுவணும்!" இன்னொன்றைப் பறித்தார். எல்லாரும் கைதட்டினார்கள்.

குழு அட்மின் ஹிதாயத்துல்லா கையிலிருந்த காயை அவள் பிடுங்காத குறையாக வாங்கிக்கொண்டாள். "கழுவித் தரேன் பாய்." மற்றவர்களிடமும் அப்படியே. விருந்தாளிகளைக் காப்பாற்றியாயிற்று. புருஷனிடம் சொல்லத்தான் வாய் வரவில்லை. அத்தனை பேர் எதிரில் அவர் மானம் என்ன ஆவது? பச்சையாக நாலு காய், என்ன ஆகிவிடப் போகிறது என்று தனக்கே சமாதானம் சொல்லிக்கொண்டாள், பாவி.

அவர்கள் கிளம்புமுன்பே அவருக்கு வியர்த்துக் கொட்டியது. வாயில் எச்சில் ஒழுகியது. பிறகு வாந்தி. ஹிதாயத்துல்லா காரிலேயே ஜி.எஸ்.டி. ரோட்டில் ஒரு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள்.

டாக்டர் அவர் கண்ணில் டார்ச் அடித்துப் பார்த்தார். "மருந்து ஏதாவது குடிச்சாரா? வீட்ல சண்டையா?"

"மருந்தா?" அனந்தகிருஷ்ணன் குழறினார். "எங்காத்துல மருந்தே கிடையாது டாக்டர்."

"ஆமா சார். சுத்த ஆர்கானிக்," என்றார் ஹிதாயத்துல்லா.

பட்டு கைப்பையைத் திறந்து, கிளம்பும்போதே எடுத்துப் போட்டுக்கொண்டிருந்த மருந்து பாட்டிலை நீட்டினாள். "நான்தான் காலையில செடிக்கு அடிச்சேன். அதைப் பறிச்சு அப்படியே சாப்பிட்டுட்டார்."

டாக்டர் லேபிளைப் படித்துவிட்டு நர்ஸைக் கூப்பிட ஓடினார். அனந்தகிருஷ்ணன் பாட்டிலைப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார்.

"எப்பலேர்ந்து, பட்டு?"

அவள் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். "இன்னிக்கு மட்டும்தான். சத்தியமா இன்னிக்கு ஒருநாள்தான்."

அவர் முகம் தெளிந்தது.

"அதானே," என்றார். அவர் பேசியது அதுதான் கடைசி.