எதிர் மனையில் கொட்டிய பழைய குளியலறை

டிரைவிங் ஸ்கூல் மாஸ்டர் கதவைத் திறந்து விளக்குகளை எல்லாம் போட்டார். வாடகைக்கு வீடு பார்க்க ஓர் இளம் தம்பதி வந்திருந்தார்கள், தோளில் கைக்குழந்தையோடு. குழாய் குழாயாகத் திறந்து காட்டினார் மாஸ்டர். பாவம், அவருக்கும் வேறு வழியில்லை. காலமெல்லாம் கிளட்ச் மிதித்த முட்டி இனி ஒத்துழைக்காது. பென்ஷனும் கிடையாது. சேமிப்பை எல்லாம் கொட்டி வாங்கிய இந்த வீட்டு வாடகையில்தான் அவரும் மனைவியும் காலம் தள்ள வேண்டும்.

"வீடு ரொம்ப நல்லாருக்கு சார்" என்றபடி அந்தப் பெண் ஜன்னலைத் திறந்தாள். திறந்த வேகத்தில் மூடினாள். எதிரே காலி மனையில் ஆள் உயரத்துக்குக் குப்பை.

"குழந்தைய வெச்சுக்கிட்டு இங்க எப்படிங்க?"

அவ்வளவுதான், கிளம்பிவிட்டார்கள். இப்படித்தான் வருகிறவர்கள் எல்லாரும் போனார்கள்.

வீட்டை முடித்துக் கொடுத்த புரோக்கர், மாஸ்டரின் சொந்த மச்சான், கூடவே நின்றிருந்தான். "வாங்கறப்போ தெரு பளிச்சுன்னுதானே இருந்துச்சு மாமா! யார் கண்ணு பட்டுச்சோ" என்று தலையைச் சொறிந்தான்.

அந்த நேரம் பார்த்தா பக்கத்து வீட்டுத் தையல்காரம்மா வந்து ஒரு பையை அங்கே வீச வேண்டும்! மாஸ்டர் பாய்ந்து வெளியே வந்தார்.

"ஏம்மா, அறிவிருக்கா உனக்கு? உங்களாலதான் என் வீடு பூட்டியே கிடக்கு!"

"போட்டது தப்புதாண்ணே, இல்லேங்கல" என்றாள் அவள். "ஆனா முன்னெல்லாம் இங்க ஒரு காகிதம்கூடக் கிடந்ததில்ல. நீங்கதான் வீட்டை வாங்கினதும் பழைய பாத்ரூமை இடிச்சுக் கொண்டாந்து கொட்டினீங்க. கேட்டா, 'காலி மனைதானே, யாருக்கு என்ன நஷ்டம்'னீங்க. பெரிய மனுஷனே கொட்டறாரு, நமக்கென்னன்னு எல்லாரும் ஆரம்பிச்சுட்டோம்."

மாஸ்டருக்கு முகம் செத்துப்போயிற்று. லாரிச் செலவை மிச்சம் பிடிக்கலாம் என்று கொத்தனாரிடம் அங்கே கொட்டச் சொன்னது அவரேதான். அந்தச் சாமர்த்தியத்தை மனைவியிடம் பீற்றிக்கொண்டது வேறு இப்போது நினைவுக்கு வந்து தொலைத்தது.

மச்சான் காதோரம் குனிந்தான். "பேசாம வித்துத் தள்ளிடலாம் மாமா. நல்ல ஏரியாவா பாத்து வேற வாங்கித் தரேன்."

"இதுவும் நல்ல ஏரியாதான்டா. கெடுத்தது நான்!"

சொல்லிவிட்டு மாஸ்டர் தையல்காரம்மா பக்கம் திரும்பினார். குரல் தணிந்திருந்தது.

"தப்பு என்மேலதாம்மா. நாளைக்கே லாரி வெச்சு மொத்தத்தையும் அள்ளிடறேன்."

"அள்ளுங்கண்ணே. அப்புறம் எவன் போடறான்னு நான் பாத்துக்கறேன்" என்றாள் அவள். தான் வீசிய பையைத் தானே எடுத்துக்கொண்டாள்.

மச்சானுக்கு இன்னும் மனசு வரவில்லை. "ஊரான் குப்பைக்கும் சேத்து நாம எதுக்கு மாமா செலவு பண்ணணும்?"

"குடி வர்றவங்க நம்ம சுவத்தை மட்டுமா பாக்கறாங்க? தெருவையும் சேத்துத்தான் பாக்கறாங்க" என்றார் மாஸ்டர். "நல்ல தெருவுல வீடு வாங்கினா மட்டும் பத்தாதுடா. வாங்கினவன் அந்தத் தெருவை நல்லா வெச்சுக்கணும்."