பவுனு ஒட்டிய தலைகள்

அத்தனையும் அவளைத்தான் பார்த்தன, கண் எழுதாத முகத்துக்குப் பார்வை ஏது என்று தையல்நாயகி தனக்குள் சொல்லிக்கொண்டாலும், சுண்டுவிரல் உயரப் பீங்கான் பெண்கள், இடுப்பில் குடத்தோடு, சூளையில் வெள்ளை வெளேரென்று வெந்து வந்தவர்கள், உடம்பை நேராக வைத்துக்கொண்டு தலையை மட்டும் ஜன்னல் பக்கம், அவள் உட்கார்ந்து வண்ணம் தீட்டும் முக்காலியின் பக்கம் திருப்பியிருந்தார்கள், என்னா எழவு இது, நேராத்தான அடுக்குனேன் என்று கலியமூர்த்தி மேஸ்திரி தட்டு தட்டாக இறக்கி பவுனாம்பாளின் மேசையில் வைக்கிறார், காலி மேசை, போன ஞாயிற்றுக்கிழமை பஸ் ஸ்டாண்டில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்த பவுனு எழுந்திருக்கவே இல்லை, அச்சில் வார்த்த உடம்பின்மேல் தலையைக் கூழ்மண் தொட்டு ஒட்டுவது அவள் வேலை, வெந்து வந்தபின் கண்ணும் பொட்டும் எழுதுவது இவள் வேலை, பதினாறு வருஷம் ஒரே கொட்டகையில், ஒரே தூக்கில் சோறு, கடைசிப் பதினோரு நாள் தவிர.

முதலாளி வந்திருந்த அன்று பவுனு எல்லார் முன்னாலும், அக்காவுக்குக் கண்ணு மங்குதுங்க, புருவம் கோணுது, ஒரு கண்ணாடி போட்டுக்கச் சொல்லுங்க என்றாள், நல்லதுக்குத்தான் சொன்னாள், தையல்நாயகிக்கு அது அன்றைக்கே தெரியும், தெரிந்தும் வீம்பு விடவில்லை, வீம்பில் அவளை மிஞ்ச அந்த ஊரில் ஆள் கிடையாது, அக்கா டீ ஆறுது, அக்கா எம்மேல இன்னும் கோவமா என்று பவுனு கேட்கக் கேட்க இவள் தூரிகை நுனியையே பார்த்துக்கொண்டிருக்கிறாள், ஓரக்கண்ணில் பவுனு தெரிகிறாள், தலையை ஒட்டும்போதே நிமிர்ந்து இந்தப் பக்கம் பார்க்கிறாள், இப்போதாவது வாய் திறப்பாளா என்று பார்க்கிறாள், கண் போன பக்கம் கை போகிறது, பொம்மையின் கழுத்தும் திரும்பிவிடுகிறது, சாயங்காலம் எல்லாவற்றையும் கட்டைவிரலால் நேராக்கிவைத்துவிட்டு, வரேன்க்கா என்று போகிறாள்.

பீங்கான் மண்ணு மறக்காது தையலு, மேஸ்திரி சொல்லிக்கொண்டிருந்தார், ஈரத்துல ஒருதரம் திரும்புனத நீ நேராக்கலாம், சூளைச் சூட்டுல அது பழைய பக்கமே திரும்பிக்கும். அவள் எழுந்து நாலடி தள்ளி நின்றாள், முகங்கள் அந்தக் காலி முக்காலியையே பார்த்துக்கொண்டிருந்தன, பட்டப்பகலில் அவளுக்கு மயிர்க்கூச்செறிந்தது, ஒரு பொம்மையைத் தூக்கி அடியில் பவுனு ஊசியால் கீறியிருந்த தேதியைப் பார்த்தாள், சண்டை போட்ட மறுநாள், கழுத்து லேசாகத்தான் திரும்பியிருந்தது, அடுத்த தட்டில் இன்னும் கொஞ்சம், அதற்கடுத்ததில் இன்னும், பத்தாவது நாள் பொம்மைகள் பின்னாலிருந்து யாரோ கூப்பிட்ட மாதிரி முழுசாகத் திரும்பியிருந்தன, பயம் எந்த இடத்தில் சந்தோஷமாக மாறியதென்று தெரியவில்லை, இவ்வளவு பார்த்தாளா, என்னையா, கடைசித் தட்டு இன்னும் சூளைக்குள் இருந்தது, சனிக்கிழமை ஒட்டியது, அதுவும் திரும்பியிருக்க வேண்டும், அது மட்டும் திரும்பியிருந்தால் போதும், பவுனு மனசில் கசப்பு இல்லாமல்தான் போனாள் என்று வாய்விட்டு அழுதுவிட்டு, தான் மனுஷியாக வீட்டுக்குப் போகலாம்.

அப்பாடா, இந்தத் தட்டாவது தேறிச்சி என்று மேஸ்திரி முகமெல்லாம் சிரிப்பாக வந்தார், ஒண்ணுகூட கோணல பாரு, அன்னிக்கி வேலையில கண்ணா இருந்திருக்கா, மத்ததெல்லாம் கழிச்சிடு, இதுக்குக் கண்ணெழுது. பன்னிரண்டு பொம்மைகள், பன்னிரண்டு கழுத்தும் நேராக, எதிர்ச் சுவரைப் பார்த்தபடி. அந்தச் சனிக்கிழமை முழுக்கப் பவுனு ஒருதரம்கூட நிமிரவில்லை. தையல்நாயகி ஒன்றைக் கையில் எடுத்தாள், கழுத்தில் கட்டைவிரலை வைத்து மெல்ல, பிறகு பலமாக அழுத்துகிறாள், என்னா பண்ற, ஒடஞ்சிடப் போவுது என்று மேஸ்திரி கத்துகிறார், இந்தப் பக்கம் பாருடி பவுனு, பேசுறேன்டி, தோ பேசிட்டேன் பாரு என்று சொல்லிக்கொண்டே இருந்தாள், வெந்த கழுத்து அசையவில்லை.